சிறைவாசிக்கும் அவர் குடும்பத்துக்கும் தொண்டு நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

ஒருவர் கைது செய்யப்பட்டு நீதிமன்றக் காவலில் சிறைக்கு அனுப்பப்படும்போது வழக்கு ஆவணத்தில் அவர் பெயர் மட்டுமே ஏறுகிறது. ஆனால் அன்று மாலையிலிருந்தே அதன் விளைவுகளைச் சுமக்கத் தொடங்குபவர்கள் அவருடைய வீட்டார். அன்றாடக் கூலி நின்றுபோகிறது, வீட்டு வாடகை பாக்கி விழுகிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளையை அக்கம்பக்கத்தார் துருவிக் கேட்கிறார்கள், அவரை எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்பதைக்கூட இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்குத் துணை நிற்பதையே தம் வேலையாக எடுத்துக்கொண்ட தொண்டு நிறுவனங்கள் இந்தியாவில் சில உண்டு. அவற்றின் பணி வெளியுலகின் கண்ணில் அதிகம் படுவதில்லை. அவை என்ன செய்கின்றன, ஏன் செய்கின்றன, சட்டம் அவற்றுக்கு என்ன பிடிமானம் தருகிறது என்பவற்றைப் புதிதாக அறிய விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் சிறைக்குள் இருப்பவர்கள் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது உள்ளே இருக்கும் நான்கு பேரில் மூன்று பேர் மீதான குற்றச்சாட்டு இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நூறு பேருக்கான இடத்தில் சராசரியாக 131 பேர் அடைந்து கிடந்தனர். குற்றவாளிகளுக்கு எதற்கு உதவி என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இந்த எண்களே பாதிப் பதிலைத் தந்துவிடுகின்றன. தண்டனை பெற்றவர்களைப் பற்றிய மீதிப் பதில் இது: நீதிமன்றம் அவர்களுக்கு விதித்தது சுதந்திரத்தை இழப்பது என்ற தண்டனை மட்டுமே. நோய்க்கு மருந்தில்லாமல் கிடப்பதும், தாய் இறந்த செய்தி நாள் கடந்து வந்து சேருவதும், மகளின் படிப்பு பாதியில் நிற்பதும் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும் இதையே சொல்கின்றன: சுதந்திரத்தைப் பறிப்பதே துன்பம் தருவது என்பதால், அதற்கு மேல் அந்தத் துன்பத்தைச் சிறை நிர்வாகம் கூட்டக்கூடாது, சிறைவாசிக்கும் குடும்பத்துக்கும் இடையிலான உறவைப் பேணுவதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

இந்தியாவில் இத்துறைக்கு ஒரு திருப்புமுனையாக அமைந்தது ஹுசைனாரா காத்தூன் வழக்கு. தங்கள் மீதான குற்றச்சாட்டுக்கு விதிக்கக்கூடிய உச்சபட்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணையே தொடங்காமல் பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி 1979-இல் ஒரு நாளிதழில் கட்டுரை வெளிவந்தது. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். விரைவான விசாரணை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தரப்பட வேண்டும் என்றும் நீதிபதி பி. என். பகவதி அமர்வு கூறியது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக ஆயிரக்கணக்கான விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றனர். 1976-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 39-அ பிரிவும், 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமும் இலவசச் சட்ட உதவியை ஓர் அமைப்பாகவே நிலைநிறுத்தின. அச்சட்டத்தின்படி, காவலில் இருக்கும் எவரும், அவர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞரைப் பெறத் தகுதியுடையவர்.

அப்படியானால் சட்டத்தில் வழி இருக்கும்போது தொண்டு நிறுவனம் எதற்கு? உரிமை தாளில் இருக்கிறது. அதற்கு உரியவர் மதிலுக்குள் இருக்கிறார். இடையில் இருக்கும் தூரத்தைக் கடக்க ஓர் ஆள் வேண்டும். இத்துறையின் பெரும்பாலான வேலையை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். உள்ளே இருப்பவருக்குத் தன் மீது என்ன பிரிவில் வழக்கு இருக்கிறது என்று தெரியாது. வெளியே இருக்கும் மனைவிக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்று தெரியாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ இப்படி ஒருவர் காத்துக்கிடக்கிறார் என்பதே தெரியாது. இந்த மூன்று அறியாமைகளையும் ஒன்றோடொன்று சந்திக்க வைப்பவர் பெரும்பாலும் ஒரு சமூகப் பணியாளர். கையில் ஒரு குறிப்பேட்டுடன் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கும் அவருடைய வேலை எந்த நன்கொடையாளர் அறிக்கையிலும் கவர்ச்சியாகத் தெரியாது. ஆனாலும் இத்துறையில் ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை இந்தச் சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பணியாளரின் நாளில் பெரும்பகுதியை விழுங்குவது ஜாமீன். ஜாமீன் கிடைத்துவிட்டால் மறுநாள் வெளியே வந்துவிடலாம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நடைமுறையில், ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. உத்தரவில் பொதுவாக ஒரு தொகைக்கான சொந்தப் பிணையும் (கைதி தானே எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரம்), அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கும். ஜாமீன்தாரர் தம் அடையாள அட்டை, முகவரிச் சான்று, சொத்து வரி ரசீது அல்லது சம்பளச் சான்று போன்றவற்றுடன் நீதிமன்றத்துக்கு நேரில் வர வேண்டும். சில இடங்களில் சொத்து மதிப்புக்கு வட்டாட்சியர் தரும் சான்றும் கேட்கப்படுகிறது. சொந்த வீடில்லாத, சொந்தக்காரர்களும் வாடகை வீட்டிலேயே இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது தாண்ட முடியாத சுவர். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கு நிலைமை இன்னும் கடினம். அவருக்காகக் கையெழுத்திட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? இந்த நெருக்கடியில்தான் நீதிமன்ற வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கும் ஆட்களும் அவர்களைக் கூட்டிவரும் தரகர்களும் நுழைகிறார்கள். கைமாற்று வாங்கி அவர்களிடம் கொடுத்த பணம் திரும்பி வருவதில்லை. ஆவணம் பொய்யென்று தெரியவந்தால் ஜாமீனே ரத்தாகலாம், புதிய வழக்கும் வரலாம்.

உச்ச நீதிமன்றம் இதை நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. 1978-இல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கில், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்று மத்தியப் பிரதேச நடுவர் ஒருவர் கேட்டிருந்தார். மோத்திராமின் சகோதரர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் மறுத்துவிட்டார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த நிபந்தனையைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கான அவருடைய சொந்தப் பிணையிலேயே அவரை விடுவிக்க உத்தரவிட்டார். நாற்பதாண்டுகளுக்கு மேல் கடந்தும் அதே சிக்கல் தொடர்ந்ததால், 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான வழிகாட்டுதல்களை வழங்கியது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் கைதியால் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்துவது குறித்துப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்க வேண்டாம். இந்த உத்தரவை எடுத்துக்காட்டி மனுப் போடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், பல மாதச் சிறைவாசம் சில நாட்களில் முடிந்துவிடக்கூடும்.

பணமே தடையாக இருக்கும் வழக்குகளுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் 2023-இல் ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஜாமீன் தொகைக்காக விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாததால் விடுதலையாக முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் வழங்கலாம்; மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு இதை முடிவு செய்யும்; போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு, சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது. நிதி ஒதுக்கப்பட்டிருப்பதும் அது உரியவரைச் சென்றடைவதும் வெவ்வேறு காரியங்கள். தகுதியானவர்களைச் சிறைக்குள் அடையாளம் கண்டு, விண்ணப்பத்தைத் தயாரித்து, குழுவின் முன் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொண்டு நிறுவனங்கள் மிகுந்த பயன் தரக்கூடிய இடம்.

நாட்கணக்கு பார்ப்பது மற்றொரு வேலை. காவல்துறை 60 நாட்களுக்குள், கடுமையான குற்றங்களில் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமையாகிவிடுகிறது. ஆனால் அதற்கு மனுச் செய்ய வேண்டும். மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாளைக் குறித்து வைத்திருக்கும் ஒருவர் இல்லாததால் இந்த வாய்ப்பைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு வேறொரு கணக்கைத் தருகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களைத் தவிர்த்து, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும்; ஆனால் ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இச்சலுகை கிடைக்காது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டிய பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளரிடமே ஒப்படைத்திருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்பது 2024 ஆகஸ்டில் உறுதியானது.

இனி வீட்டாரின் பக்கம். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதைத் தமிழ்நாட்டில் மனு பார்ப்பது என்பார்கள். புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில்தான் மத்தியச் சிறைகள் இருக்கின்றன; ஆகவே உள் மாவட்டக் கிராமத்திலிருந்து வரும் ஒரு தாய்க்கு மனு பார்ப்பது என்றால் ஒரு நாள் கூலியும், பேருந்துக் கட்டணமும், வாசலில் காத்திருக்கும் பல மணி நேரமும் சேர்ந்த செலவு. உள்ளே கிடைப்பதோ தடுப்புக்கு அப்பால் இரைச்சலுக்கு நடுவே சில நிமிடப் பேச்சு. பயணச் செலவைத் தருவது, காணொளி வழியே பார்க்க இணையத்தில் பதிவு செய்து கொடுப்பது, கடிதம் எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவது, என்ன பொருளை உள்ளே அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வீண் அலைச்சலைத் தவிர்ப்பது ஆகியவை சிறிய உதவிகளாகத் தோன்றலாம். உறவு அறுந்துபோகாமல் காப்பவை இவைதான். குடும்பத்தில் சாவோ, கடும் நோயோ, பிள்ளையின் திருமணமோ நேரும்போது, தண்டனைக் கைதிக்கு 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி விடுப்பு கேட்கலாம். ஊரார் பரோல் என்று சொல்வது இதைத்தான். விசாரணைக் கைதிக்கு அந்த வழி இல்லை. அவர் நீதிமன்றத்திடம்தான் அனுமதி பெற வேண்டும். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தவிக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாட்டை உடனே எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

சிறையில் இருக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவன் சிறைக்குப் போனால் மனைவி மனு பார்க்க வருகிறாள்; மனைவி சிறைக்குப் போனால் பல வீடுகளில் அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. இது இத்துறையில் பணிபுரிவோர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று. அதற்கு, பழியைப் பெண்களின் மேல் சுமத்தும் நம் சமூகம்தான் பதில் சொல்ல வேண்டும். 2022 இறுதியில் 1,537 பெண்கள் தம் குழந்தைகளுடன் சிறையில் இருந்தனர். அக்குழந்தைகளின் எண்ணிக்கை 1,764. ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம் என்றும், அக்குழந்தையைக் கைதியாக நடத்தக்கூடாது என்றும், உணவு, மருத்துவம், கல்வி, விளையாட்டு ஆகியவை அதற்கு உரிமையாகத் தரப்பட வேண்டும் என்றும், உள்ளே பிறக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றில் சிறை என்ற பெயர் இடம்பெறக்கூடாது என்றும் ஆர். டி. உபாத்யாய் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆறு வயதை எட்டிய நாளில் தாயைப் பிரியும் அந்தக் குழந்தை எங்கே போகும், அதன் பிறகு தாயை எப்படிப் பார்க்கும் என்ற கேள்வியைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துத் திட்டமிடும் நிறுவனமே நல்ல நிறுவனம்.

வெளியே இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இதைவிடப் பன்மடங்கு அதிகம். அவர்களுக்கு முதல் தேவை பள்ளியிலிருந்து நின்றுவிடாமல் இருப்பது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை என்று மாவட்டக் குழந்தைகள் நலக் குழு ஏற்றுக்கொண்டால், மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாதம் 4,000 ரூபாய் வரை ஆதரவுத் தொகை கிடைக்க வழி இருக்கிறது. விடுதியில் சேர்ப்பது எளிய தீர்வாகத் தோன்றினாலும், பாட்டியோ சித்தியோ வளர்க்கத் தயாராக இருக்கும்போது அந்த வீட்டுக்கே உதவிசெய்து குழந்தையை அங்கேயே வைத்திருப்பதுதான் மேலானது. தந்தை எங்கே என்று குழந்தை கேட்கும்போது வெளிநாடு போயிருக்கிறார் என்று பொய் சொல்ல வேண்டாம், வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள் என்று குடும்பங்களுக்கு அறிவுறுத்துவதும் ஆற்றுப்படுத்துநர்களின் (மனநல ஆலோசகர்களின்) பணியில் அடங்கும்.

இப்பணியில் நெடுங்காலமாக இருக்கும் சில அமைப்புகளை இங்கே குறிப்பிடலாம். மும்பையின் டாட்டா சமூக அறிவியல் கழகம் 1990-இல் தொடங்கிய பிரயாஸ், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைச் சிறைகளுக்குள்ளும் நீதிமன்றங்களிலும் அமர்த்தி, சட்ட உதவி முதல் விடுதலைக்குப் பின் வேலை தேடித் தருவது வரை தொடர்ந்து செய்துவருகிறது. இந்தியச் சூழலுக்கு ஏற்ற முன்மாதிரி என்று நான் முதலில் சுட்டிக்காட்டுவது இதைத்தான். கிரண் பேடி தமக்குக் கிடைத்த மகசேசே விருதுத் தொகையைக் கொண்டு 1994-இல் நிறுவிய இந்தியா விஷன் அறக்கட்டளை, திகார் சிறையில் இருந்த பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகத்திலிருந்து வளர்ந்தது. 1981-இல் கேரளத்தில் தோன்றிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா என்ற கத்தோலிக்க அமைப்பு நாடெங்கும் தன்னார்வலர்களைச் சிறைகளுக்கு அனுப்புகிறது. சமய அமைப்புகள் இத்துறையில் பெரும் பங்காற்றியுள்ளன. உதவி பெறுபவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் வழிபாட்டுக்கு வந்தால்தான் உதவி என்ற நிபந்தனை இல்லாதவரை அது வரவேற்கத்தக்கதே. புது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் மனித உரிமைகள் முன்முயற்சி நேரடி உதவியைவிட, சிறைகள் பற்றிய தகவல்களைத் திரட்டி விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கேட்பதில் கவனம் செலுத்துகிறது.

விடுதலை நாள் பெரும்பாலும் மகிழ்ச்சியைவிடக் குழப்பத்தையே தருகிறது. பத்தாண்டு உள்ளே இருந்தவருக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாது. ஆதார் அட்டையும் குடும்ப அட்டையில் பெயரும் இருக்காது. வேலை கேட்டால் இத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி வரும். அரசு அதிகாரிகளும் பொதுமக்களும் சேர்ந்து நடத்தும் விடுதலையான சிறைவாசிகள் உதவிச் சங்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தையல் இயந்திரம், கறவை மாடு, பெட்டிக்கடைக்கான முதல் போன்ற உதவிகளை அது தந்திருக்கிறது. சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலர்களை அணுகி இதைக் கேட்கலாம். ஆனால் பொருளைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது. முதல் ஆறு மாதங்களுக்கு வாரம் ஒருமுறையாவது அழைத்துப் பேசும் ஒருவர் தேவைப்படுகிறார், அந்தத் தொடர்பைத் தருவது அரசு அலுவலகத்தைவிடத் தொண்டு நிறுவனத்துக்கே எளிது.

உதவி தேடும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது எந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்வது, அல்லது 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழைப்பது. முதல் தகவல் அறிக்கையின் எண், காவல் நிலையத்தின் பெயர், கைதான தேதி, சிறையில் தரப்பட்ட எண், அடுத்த வாய்தா தேதி ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் பாதி அலைச்சல் குறையும். வழக்கறிஞருக்கோ வேறு எவருக்குமோ பணம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். இலவச வழக்கறிஞராக நியமிக்கப்பட்டவர் பணம் கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் புகார் செய்யலாம்.

இப்பணியில் சேர விரும்புவோர் அதே ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம். பயிற்சியும் பணியாற்றும் நாட்களுக்குச் சிறு மதிப்பூதியமும் உண்டு. தண்டனை அனுபவித்துவரும் படித்த சிறைவாசிகளும் இவ்வாறு பயிற்சி பெற்று, உள்ளே இருக்கும் சட்ட உதவி மையங்களில் மற்றவர்களுக்கு மனு எழுதித் தருகிறார்கள். தொண்டு நிறுவனத்தின் வழியே உள்ளே செல்வதற்குச் சிறைத்துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அந்த அனுமதி எந்த நேரத்திலும் திரும்பப் பெறப்படலாம் என்பதால், கண்ணில் பட்ட குறைகளைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு உதவியைத் தொடர்வதா என்ற இக்கட்டு எல்லா நிறுவனங்களுக்கும் வருகிறது. அடி, துன்புறுத்தல், மருத்துவ மறுப்பு என்று வந்துவிட்டால் மௌனம் தகாது. மாவட்ட நீதிபதிக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். உள்ளே கேட்டதை வெளியே பேசாமல் இருப்பது, வழக்கின் உண்மை பொய்யைத் துருவாமல் இருப்பது, சிறைவாசியின் படத்தையோ பெயரையோ நன்கொடை திரட்டப் பயன்படுத்தாமல் இருப்பது ஆகியவற்றைப் பயிற்சியின் முதல் நாளிலேயே கேட்டுக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை போய்விட வேண்டும். வர முடியாதென்றால் அதை முன்கூட்டியே சிறை அலுவலர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.